குசினிக்குள் எனக்கொரு பேணி

2025 ஜனவரி 2, வியாழன்

இன்று மூன்றாம் முறை. காலையில் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த என் கரண்டிகள் பத்து மணிக்குத் திரும்பவும் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. துணிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, செருப்புக்குப் பக்கத்தில். செருப்புக்குப் பக்கத்தில்! சோற்றில் படுகிற சாமானை.

மனைவி சபீனாவிடம் கேட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

“ஆம்பிளைக்குக் குசினிக்குள்ள என்ன வேலை? மாப்பிளை ஊட்டார் கண்டா என்ன நினைப்பாங்க?”

“நானூறு பேருக்கு ஆக்கின கை இது.”

“அங்க ஆக்கினீங்க. இங்க அதை வைக்க இடமில்ல.”

இடமில்லையாம். உடைந்த மிக்சிக்கு இடம் இருக்கிறது. மூடியில்லாத பிளாஸ்டிக் போத்தல் இருபதுக்கு இடம் இருக்கிறது. எட்டுக் கரண்டிக்கு இடமில்லை. கட்டாரில் தொழிலாளர் முகாம் குசினியை விட்டு வரும்போது தலைமைச் சமையற்காரர் என் கையில் தந்த கரண்டிகள் அவை. நல்ல எவர்சில்வர், கைப்பிடி முழங்கை நீளம்.

அந்தக் குசினியில் இருக்கிற ஒவ்வொரு சட்டி பானையிலும் பெயர் வெட்டியிருக்கிறது. கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் இரவல் போனால் மாறிவிடக் கூடாது என்பதற்காக. பாதியில் ‘ஆமினா உம்மா’. சபீனாவின் தாய், மௌத்தாகிப் பதினொரு வருடம். மீதியில் ‘சபீனா’. புதிதாக வந்தவற்றில் எங்கள் ஒரே மகள் ‘றுமைஸா’. ‘முனாப்’ என்று என் பெயர் ஒரு தேக்கரண்டியில்கூட இல்லை.

பெப்ரவரி 16 கல்யாணம். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. மாப்பிள்ளை இல்ஹாம் இங்கே வந்து இருப்பான். நாங்கள் இரண்டு பேரும் வளவின் பின்பக்கத்து ஒற்றை அறைக்கு. பத்தொன்பது வருடம் கட்டாரில் கிடந்து கட்டிய வீட்டில் நான் இருந்தது பதினான்கு மாதம். இன்னும் ஆறு கிழமை மிச்சம். அதற்குள் என் கரண்டிகள் அந்தக் குசினியில் நிற்கும். ஒரு நாளாவது நிற்கும். எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 4, சனி

இடமில்லை என்றாளே, இடத்தை நானே செய்கிறேன். கட்டாரில் இருந்து சாமான் பெட்டியில் வந்த பெரிய பால்மாத் தகரப் பேணி ஒன்று குளியலறையில் ஷாம்பு தாங்கிக்கொண்டிருந்தது. கழுவினேன். விளிம்பைக் குறடால் உள்பக்கம் மடித்தேன். நிமிர்த்தி வைத்தால் கரண்டி நிற்கும் கூடு. அழகாகச் சோடித்தும் வைப்பேன், ‘இந்தக் கறள் பிடிச்ச பேணியைக் குசினிக்குள் கொண்டுவராதீங்க’ என்று சொல்ல வாய் வராதபடி.

புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை என்றும் முடிவு. கடையில் வாங்கினால் அதுவும் ‘றுமைஸாவுக்கு’ என்று ஆகிவிடும். எறிந்த சாமானில் செய்தால் யார் உரிமை கேட்பது?

ஜனவரி 5, ஞாயிறு

விழுந்துவிட்டது. நான்கு கரண்டி போட்டதும் பேணி தலைகீழ். சத்தத்தில் சபீனா அறையில் இருந்து, “என்ன உடைஞ்ச?” என்றாள். ஒன்றும் உடையவில்லை, என் மானத்தைத் தவிர.

ஜனவரி 7, செவ்வாய்

அடியில் கனம் இல்லாவிட்டால் நீளக் கரண்டி நிற்காது. சட்டியில் தண்ணீர் வைக்காமல் அடுப்பை மூட்டின வேலை. இது எனக்குத் தெரியாதா?

பின் அறை பூசி மிஞ்சிய சீமெந்தும் வாவிக்கரை மணலும் குழைத்து மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் நினைவு வந்தது: கழுவிய கரண்டியில் ஈரம் இருக்கும், தண்ணீர் அடியில் தேங்கும், தேங்கினால் நாறும். முகாமில் இதற்காகவே எத்தனை பேர் பேச்சு வாங்கியிருக்கிறார்கள்! இறுகுவதற்கு முன் ஒரு பக்கம் சரிவு வைத்து, சரிவு முடிகிற இடத்தில் ஆணியால் மூன்று துளை அடித்தேன். தண்ணீர் வடிந்து கீழே ஒரு சிரட்டையில் விழும். நன்றாக யோசித்த வேலை. பாராட்ட ஒரு நாய் இல்லை.

மழை விடவில்லை. சீமெந்து இறுக மாட்டேன் என்கிறது. மழையோடும் கோபம்.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சபீனாவின் தம்பி ஜிப்ரி வந்தான். இரண்டு தறி வைத்திருக்கிறான். பேணியைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு வாய் விட்டுச் சிரித்தான்.

“என்ன மச்சான், அங்க பெரிய குசினிக்கே பொறுப்பு எண்டீங்க. இங்க வந்து நேசரிப் புள்ளையள்ற வேலை செய்றீங்க?”

சபீனாவும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை. தம்பி சிரித்தால் போகட்டும். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இவளும்.

“சிரிச்சு முடிஞ்சா தறியில மிஞ்சின நூல் கொஞ்சம் கொண்டு வா,” என்றேன்.

சிரித்தாலும் பின்னேரமே ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தான். சாரம் நெய்து மிஞ்சிய கரை நூல்: நீலம், மண்ணிறம், ஒரு பிடி மஞ்சள். அதை மறைக்கக் கூடாது. ஆள் நல்லவன், வாய்தான் கொழுப்பு.

ஜனவரி 12, ஞாயிறு

நூலை முறுக்கிக் கயிறாக்கிப் பேணியைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டினேன். இரண்டு நாள் வேலை. றுமைஸா கல்யாண அழைப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள்.

“வடிவா இரிக்கு வாப்பா. ஃபோன்ல இப்படி எத்தினையோ காட்டுறாங்க. உடைஞ்ச பீங்கான் துண்டு ஒட்டினா இன்னும் வடிவு.”

“உன்ட உம்மாவிட்டச் சொல்லு.”

“உம்மாவுக்குக் கல்யாண ரென்சன் வாப்பா. நீங்க கோபிக்காதீங்க.”

எனக்கு ரென்சன் இல்லையா? மகளைக் கொடுக்கிறது நானும்தானே?

மாலை ஐந்து மணிக்குப் பேணியைக் கரண்டிகளோடு அடுப்பு மேடையில் வைத்தேன். சபீனா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை!

ஜனவரி 14, செவ்வாய்

சொல்லாததன் அர்த்தம் இன்று தெரிந்தது. பேணி கிணற்றடியில், மழையில்.

“நூல் ஈரம் பிடிச்சுப் பூஞ்சணம் கட்டிட்டு. தாளிக்கிற எண்ணெயும் குடிச்சிட்டு. மணந்து பாருங்க.”

மணந்து பார்த்தேன். நாறத்தான் செய்தது. அவள் சொன்னது சரி. அவள் சரியாகச் சொல்கிறபோது வருகிற கோபம் வேறு வகை. பிழையாகச் சொன்னால் சண்டை போடலாம்.

ஆனால் வெளியே ஏன் எறிந்தாய்? “இது சரிவராது, வேறு மாதிரிச் செய்யுங்க” என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்கு இந்த வீட்டில் அவ்வளவு பஞ்சமா? நூலையெல்லாம் உரித்து எறிந்துவிட்டேன். விரல் நகத்துக்குள் எல்லாம் பசை.

ஜனவரி 15, புதன்

வீட்டில் இருந்தால் எதையாவது சொல்லிவிடுவேன் என்று பஸ் ஏறிச் செட்டிபாளையம் போனேன், வினாயகமூர்த்தியிடம். முகாம் குசினியில் எட்டு வருடம் என்னோடு வெங்காயம் வெட்டியவன். இப்போது தோணி வைத்திருக்கிறான். நேற்றைய பொங்கலில் ஒரு கோப்பை எனக்கென்று எடுத்து வைத்திருந்தான்.

எல்லாவற்றையும் கொட்டினேன். வலையைத் தைத்துக்கொண்டே கேட்டான்.

“முனாப், என்ட வீடு எது சொல்லு பாப்பம்?”

கல் வீட்டைக் காட்டினேன்.

“அது மகள்ற. அங்கால பார், தகரம் போட்டது. அதுதான் எனக்கும் மனிசிக்கும். எங்கட ஆக்களும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான்டா வீடு குடுக்கிற. உனக்கு மட்டும் புதினமா?”

“உனக்குக் கோவம் வரல்லியா?”

“வந்துதான். ரெண்டு வருசம் வந்துது. மறுகா கடலுக்குப் போகத் தொடங்கிட்டன்.”

எனக்குக் கடல் தெரியாது. எனக்குத் தெரிந்தது அடுப்பு. அதைத்தானே பூட்டி வைத்திருக்கிறாள்.

பேணிக்குச் சிப்பி ஒட்டவா என்று கேட்டேன். “சிப்பி ஒட்டினா வெயிலுக்குக் கவுச்சி மணக்கும். மகள் சொன்னமாதிரிப் பீங்கானை ஒட்டு. ஈரமும் பிடிக்காது, எண்ணெயும் பிடிக்காது,” என்றான். அந்த ஆள் சொன்னால் காதில் ஏறுகிறது, மகள் சொன்னபோது ஏறவில்லை. என்னுடைய புத்தியையும் எழுதி வைக்க வேண்டியதுதான்.

ஜனவரி 18, சனி

நல்ல நாள்! கன நாளைக்குப் பிறகு.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று சபீனா அறைகளை ஒதுக்கி வேண்டாத சாமான் எல்லாம் பின் விறாந்தையில் போட்டிருக்கிறாள். பழைய பாய், கால் போன கதிரை, கடதாசிப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பழைய அரிசிச் சாக்கு, முக்கால்வாசி உமி. உமியை யார் வீட்டுக்குள் வைப்பார்கள்? கொட்டிவிட்டுச் சாக்கை எடுக்கலாம் என்று தூக்கினேன், கனத்தது. உமிக்குள் ஒரு பெரிய பீங்கான் சஹன். ஐந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடலாம். விளிம்பில் இரண்டு நீலக் கோடு, நடுவில் ஒரு நீலப் பூ. ஒரு பக்கம் சிதைந்து, மயிர் போல ஒரு வெடிப்பும். புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் இந்த வீட்டில் அது யாருடையதும் இல்லை, என்னைப் போல.

சாக்கிலே சுற்றிச் சுத்தியலால் தட்டினேன். நல்ல கனத்த பீங்கான், சுலபத்தில் உடையவில்லை. நாலு அடி. ஐந்து அடி. ஒவ்வொரு அடிக்கும் மனதில் ஒரு முகம். ஜிப்ரிக்கு ஒன்று. மழைக்கு ஒன்று. மற்ற மூன்றும் யாருக்கென்று எழுத மாட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

குளியலறைக்கு டைல் பதித்து மிஞ்சிய பசைச் சீமெந்து அரைப் பை கிடந்தது. துண்டுகளைக் குறடால் கடித்துக் கடித்துச் சின்னதாக்கி ஒட்டுகிறேன். நீலக் கோட்டுத் துண்டுகள் எல்லாம் மேல் விளிம்புக்கு. பூவின் துண்டுகள் சுற்றிவர, ஒரு இதழ் இங்கே, ஒரு இதழ் அங்கே. வெள்ளைத் துண்டுகள் நடுவில். அதில் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நீலத் துண்டால் ‘மு’ என்று என் முதல் எழுத்தை வைக்கப் போகிறேன். வெட்டவும் வேண்டாம், பொறிக்கவும் வேண்டாம்.

விரலில் மூன்று இடத்தில் வெட்டு. பரவாயில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இடைவெளிக்கு வெள்ளைச் சீமெந்து பூசித் துடைத்தேன். அழுக்குப் போனதும் பீங்கான் மினுங்குகிறது. எட்டுக் கரண்டியும் போட்டேன். அசையவில்லை. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், மூன்று துளையாலும் வடிந்து சிரட்டைக்குள் போனது. கடையில் இப்படி ஒன்று கிடைக்காது. நாளைக்கு எழுத்தை வைத்துவிட்டுக் குசினிக்குள் கொண்டுபோகிறேன். இந்த முறை எறியட்டும் பார்ப்போம்!

ஜனவரி 22, புதன்

எறியவில்லை.

காலையில் பின் விறாந்தைக்கு வந்தவள் வெறும் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மண்ணில் கிடந்த உமியைப் பார்த்தாள். பிறகு என் மேசையை. நான் அப்போது ‘மு’வுக்குத் துண்டு தேடிக்கொண்டிருந்தேன்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அது உம்மாட சஹன்.”

“சாக்குக்குள்ள உமியோட கிடந்துச்சு. குப்பை எண்டு நினைச்சன்.”

“பீங்கானை உமிக்குள்ள வைக்காம வேற எங்க வைக்கிற? ஊரில எல்லாரும் அப்படித்தான் வைக்கிற. அதைத்தான் இண்டைக்குக் கழுவி எடுக்க வந்த நான்.”

“பெயர் இல்லியே?”

“பீங்கானில பெயர் வெட்டினா வெடிச்சிருமே! பத்தொம்பது வருசம் இந்த ஊட்டுல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? “நான் அங்க கிடந்ததாலதான் இந்த ஊடு நிக்குது,” என்றேன்.

“ஊடு என்ட உம்மாட வளவுல நிக்குது,” என்றாள். போய்விட்டாள்.

என் வீட்டில் எது குப்பை, எது பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. யாரோடு கோபிப்பது? உமியோடா?

ஜனவரி 23, வியாழன்

பேச்சு இல்லை. சோறு மூடி வைத்திருந்தது. உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. கோபத்திலும் அவள் கை தவறாது. அதுவும் எரிச்சல்.

ஜனவரி 26, ஞாயிறு

றுமைஸா வந்து கட்டிலில் இருந்தாள். கையில் மருதாணி பழகிய கறை.

“வாப்பா, உங்களுக்கு உண்மையா நினைவில்லியா?”

“என்ன?”

“கல்யாணத்தண்டு நீங்களும் உம்மாவும் ஒண்டா முதல் சோறு திண்ட சஹன் அதுதான். நானும் அவரும் அதில திங்கோணும் எண்டு உம்மா எடுத்து வச்சிருந்தாங்க.”

நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. அன்றைக்கு என்ன கறி என்று நினைவிருக்கிறது: மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, அன்னாசி அச்சாறு. இறைச்சி கொஞ்சம் வேகாதது நினைவிருக்கிறது. அவளுடைய கை என் கையில் பட்டது நினைவிருக்கிறது. தட்டு நினைவில்லை. சமையற்காரன் புத்தி! தட்டை யார் பார்க்கிறான்?

முனாப், நீ ஒரு மடையன். இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

ஜனவரி 29, புதன்

பேணியையும் உடைத்துவிடலாம் என்று சுத்தியலை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ஒரு பொருளை இரண்டு முறை உடைக்க என்னால் ஏலாது. கரண்டிப் பையோடு சேர்த்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன், செருப்புக்குப் பக்கத்தில். எழுத்து வைக்க விட்ட இடத்தை வெறும் வெள்ளைத் துண்டால் நிரப்பிவிட்டேன். யாருடைய சஹனில் யாருடைய பெயர்?

பெப்ரவரி 3, திங்கள்

இல்ஹாமின் உம்மா வந்திருந்தா, இன்னும் இரண்டு பெண்களோடு. வீடு பார்க்க. நல்ல மனுஷிதான், சிரித்த முகம். குசினிக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தா. நான் விறாந்தையில் இருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

“இந்தப் பழைய சட்டியெல்லாம் மேல ஏத்தி வைங்க. புள்ளைக்குப் புதுசாக் கிடக்கட்டும். இனி இது றுமைஸாட குசினி, அவ கையால ஆக்கட்டும். நீங்களும் எத்தினை வருசம் கஷ்டப்பட்டுட்டீங்க, இனி இருந்து சாப்பிடுங்க.”

“ஓம்,” என்றாள் சபீனா.

ஒரே ஓம். என்னோடு பேசுகிற சபீனாவா இது? எனக்கு ஒரு கரண்டி வைக்க இடமில்லை என்றவள் யாரோ ஒருத்திக்கு முழுக் குசினியையும் ஓம் என்று கொடுத்துவிட்டு, தேத்தண்ணீர் தட்டில் வட்டிலப்பம் வைத்து நீட்டுகிறாள். எனக்கு உள்ளே போய், “அது என்ட மனிசிட குசினி” என்று கத்த வேண்டும் போல இருந்தது. என்ட குசினி என்று அல்ல. அதைக் கவனித்தேன்.

அவர்கள் போன பிறகு பின் அறையைப் போய்ப் பார்த்தேன். கட்டில், அலுமாரி, குளியலறை. அடுப்பு வைக்க ஒரு பலகை இல்லை. “மேசனுக்குக் குசினி சொல்லல்லியா?” என்று மேசனை வைத்து வேலை பார்த்த ஜிப்ரியிடம் கேட்டேன். “ராத்தா வேணாம் எண்டாவு மச்சான். முன் குசினியிலதானே ஆக்கப் போறன் எண்டாவு.”

அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். வீட்டைக் கொடுத்தாலும் அடுப்பு தன்னோடு இருக்கும் என்று. இன்றைக்குத்தான் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பதினான்கு மாதத்துக்கு முன் தெரிந்தது.

பெப்ரவரி 6, வியாழன்

பின் அறைக்குப் பக்கச் சுவரோடு தகரம் இறக்கி மேடை கட்டினேன். மேசனைக் கூப்பிடவில்லை. கதவுப் பலகை ஒன்று, கல் பதினெட்டு. காஸ் அடுப்பு ஒன்று கட்டாரில் இருந்து அனுப்பிப் பெட்டி உடைக்காமல் கிடந்தது. சபீனா இரண்டு முறை இந்தப் பக்கம் வந்து திரும்பிப் போனாள். பார்க்காதது போலப் பார்த்தாள்.

பேசவில்லை. இது பதினைந்தாம் நாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஒரு சண்டை, ஆனால் பேச்சு.

“மேடை உயரம் போதாது. எனக்கு இடுப்பு நோகும்,” என்றாள்.

“எனக்குச் சரி. நான்தானே ஆக்கப் போறன்.”

“உங்களுக்கு மட்டுமா இந்த அறை?”

“அந்த ஊடு மட்டும் எனக்கா இருந்துச்சு?”

பின்னேரம் ஒரு வரிசைக் கல் கூட்டி வைத்தேன். கோபத்தோடுதான் வைத்தேன்.

பெப்ரவரி 15, சனி

நாளைக்குக் கல்யாணம். வீடு முழுக்கச் சனம், இருந்து எழுத இடமில்லை, இருந்தும் இதை எழுதாமல் நித்திரை வராது.

றுமைஸா என் கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் தேடி வந்து பேணியைக் கண்டுவிட்டாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வெயிலில் நீலம் அப்படி மினுங்கியது.

“வாப்பா! இது எவ்வளவு வடிவு! இதை என்ட குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில வைக்கப் போறன். வாறவங்க எல்லாரும் பாக்கட்டும்.”

அடுப்புக்குப் பக்கத்தில். நான் கேட்ட அதே இடம். ஆறு கிழமையாக இதற்குத்தானே விரலை வெட்டிக்கொண்டேன்? ஓம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன்.

“வை அங்க,” என்றாள் சபீனா. எப்போது வந்தாள் தெரியாது. வாசலில் நிற்கிறாள், இடுப்பில் சாவிக்கொத்து.

“ஏன் உம்மா?”

“அது என்ட.”

“உம்மா, நான் கவனமா—”

“எல்லாம் உனக்குத் தந்துட்டன் மகள். ஊடு தந்தன், வளவு தந்தன், சட்டி பானை தந்தன். உம்மம்மா எனக்குத் தந்ததில ஒரு மூடி நான் எடுக்கல்ல. சஹன் முழுசா இருந்தா அதும் உனக்குத்தான். உன்ட வாப்பா உடைச்சிட்டார். உடைஞ்சதை நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்.”

றுமைஸா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். சபீனா அழவில்லை. மகளின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். மன்னித்த பார்வை என்று சொல்ல முடியாது. கோபம்தான். ஆனால் இந்த முறை அது எனக்கு விளங்கியது.

பேணியை அவளே தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனாள். கரண்டிகளோடு.

பெப்ரவரி 16, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. இறைச்சி நன்றாக வெந்திருந்தது. புதுச் சஹன், மெலமைன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

பின் அறையில் இரண்டாம் நாள். நேற்றுக் கல்யாணச் சோறு மிஞ்சியதில் போய்விட்டது. இன்றுதான் முதற் சமையல்.

சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் சபீனா இல்லை. ஜன்னலால் கண்டேன். முன் வீட்டுக் குசினி வாசலில் நிற்கிறாள், கையில் அரிசி அளந்த சுண்டு. கால் பழக்கத்தில் போயிருக்கிறது. கதவு உள்ளால் பூட்டு. புது மாப்பிள்ளை, புதுப் பெண், விடிந்தும் விடியாத நேரம். தட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே இறக்கிவிட்டு, யாரும் கண்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். தன் வீட்டு வாசலில்! அவளுடைய தாய் இருந்த வாசலில்!

நான் ஜன்னலை விட்டு விலகி நின்றேன்.

வந்து என் மேடைக்கு முன்னால் நிலத்தில் குந்தினாள். சுண்டைப் பக்கத்தில் வைத்தாள்.

“நீங்க ஆக்குங்க,” என்றாள்.

இந்த ஒரு சொல்லுக்காகப் பதினைந்து மாதம் சண்டை பிடித்தேன். என்னவெல்லாம் பேசினேன், எதையெல்லாம் உடைத்தேன். கேட்டது கிடைத்தது. இப்படியா கிடைக்க வேண்டும்? வழக்கமாம், ஊர் வழக்கம்! யார் அடித்த சட்டம் இது? ஒருத்தி இருபத்தாறு வருடம் எரித்த அடுப்பை ஒரே நாளில் கொடுத்துவிட்டு அடுத்த நாள் அதன் வாசலில் திருடி மாதிரிப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் கேட்டோமா? கேட்காமல்தானே நானும் பத்தொன்பது வருடம் கல் கல்லாக அனுப்பினேன்.

“என்ன ஆக்கட்டும்?” என்றேன்.

“தெரியா,” என்றாள்.

பையில் இருந்து நாலு வெங்காயம் எடுத்து அவள் மடியில் போட்டேன், கத்தியையும் கொடுத்தேன்.

“சின்னனா அரி,” என்றேன்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அரியத் தொடங்கினாள்.